அறுபத்து நாலாம் பக்கம்

ஆகஸ்ட் 18, திங்கள்

இன்று காலை என்னை நாய் கடித்தது. எந்த இடத்தில் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. நான் திருச்செங்கோட்டில் முப்பது வருஷமாக லாரிக்கும் பைக்குக்கும் சீட் தைக்கிறவன். கடித்தது என்னுடைய சீட்டில்.

ஆஸ்பத்திரியில் எனக்கு முன்னால் எட்டுப் பேர் நின்றார்கள். எட்டும் நாய்க்கடி. எல்லோரும் பேண்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டிவிட்டு, கம்பீரமாகக் கெண்டைக்காலைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். நான் மட்டும் துண்டைப் பின்னால் தொங்கவிட்டுக்கொண்டு சுவரோடு சுவராக நகர்ந்தேன்.

சிஸ்டர் பார்த்துவிட்டு, “ஏனுங்ணா, ஓடறவங்களுக்குக் கால்லதான கடிக்கும். இது நின்னு நிதானமாக் குடுத்தாப்பல இருக்குது?” என்றார்.

“பின்னாடி வந்துருச்சுங்க” என்றேன்.

கடித்த இடத்தில் ஓர் ஊசி, கையில் ஓர் ஊசி. இன்னும் சில தேதிகளில் வரச் சொன்னார்கள். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் என் மகள் தாரணி, “மறந்துருவப்பா, இதுல எழுதி வெய்யி” என்று இந்த டைரியைக் கொடுத்தாள். ஏதோ இருமல் மருந்துக் கம்பெனிக்காரர்கள் கொடுத்ததாம். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு குழந்தை இருமுகிறது.

வேறு யாரிடமும் சொல்ல முடியாததால் டைரியிடம் சொல்கிறேன். நாய் பின்னாடி வரவில்லை. முன்னாடிதான் வந்தது. நான்தான் திரும்பி நின்றேன்.

போன வாரம் ஈரோடு புத்தகத் திருவிழாவில் ‘நாய்மனம் அறிவோம்’ என்று ஒரு புத்தகம் வாங்கினேன். எழுதியவர் தெளிவரசு. அறுபத்து நாலாம் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தது: “நாய்கள் ஒன்றையொன்று பின்புறம் முகர்ந்தே நட்புக் கொள்கின்றன. ஆகவே சீறி வரும் நாயிடம் முதுகைக் காட்டி, சற்றுப் பணிவாகக் குனிந்து, மரம்போல் அசையாமல் நில்லுங்கள். அது முகர்ந்து பார்த்து உங்களை நண்பராக ஏற்றுக்கொண்டு விலகும்.”

எங்கள் தெரு நாய்க்குப் பெயர் வக்கீல். உடம்பெல்லாம் கருப்பு, கழுத்துக்குக் கீழே இரண்டு வெள்ளைப் பட்டை. யார் வந்தாலும் வாதாடும். இன்று காலை அது சீறியது. நான் குனிந்தேன். அது முகர்ந்தது. அதுவரைக்கும் புத்தகம் சரி.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நின்றுகொண்டே ஒற்றைக் காலால் மிஷின் மிதித்து இரண்டு பைக் சீட் தைத்தேன். தையல் வக்கீலின் பல்வரிசை மாதிரி வந்திருக்கிறது.

ஆகஸ்ட் 20, புதன்

எனக்குப் படிப்பு பத்தாவது. கணக்குப் பரீட்சையை இரண்டு தடவை எழுதினேன். மூன்றாவது தடவை எழுதப் போகிறாயா என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. அதனாலோ என்னவோ புத்தகம் என்றால் எனக்குத் தனி மரியாதை. கதைப் புத்தகம் வாங்க மாட்டேன். அது பொய் என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். அறிவுப் புத்தகம்தான் வாங்குவேன். காகிதம் வாங்கி, அச்சுக்கூலி கொடுத்து, அட்டை ஒட்டி, பொய்யை எவனாவது அடிப்பானா என்பது என் கட்சி. நேற்று முன்தினம் வரைக்கும் கட்சியில் நான் உறுதியாக இருந்தேன்.

இன்று சாயங்காலம் கோபம் தாங்கவில்லை. புத்தகத்தின் பின்னட்டையில் செல் நம்பர் இருந்தது. என் செல்லில் பேசினால் நம்பர் தெரிந்துவிடும். சீட் தைக்க வந்த ஒரு லாரி டிரைவரிடம் செல்லை வாங்கி அடித்தேன்.

“வணக்கம். தெளிவரசு பேசுகிறேன்.”

“புஸ்தகம் எழுதறவருங்களா?”

“நாற்பத்தொரு நூல்கள்.”

“வீட்ல நாய் வெச்சிருக்கீங்களா?”

“இல்லை. ஏன்?”

“சும்மா கேட்டனுங்க. அப்ப நாயப் பத்தி எப்படி எழுதினீங்க?”

“ஆராய்ச்சிதான். நட்சத்திரம் பற்றியும் எழுதியிருக்கிறேன். நட்சத்திரத்தை வீட்டில் வைத்திருக்க முடியுமா?”

அந்தப் பதிலில்தான் எனக்கு ஏறிவிட்டது. “அப்ப வாங்க சார். எங்க தெருவுக்கு வாங்க. வந்து அறுபத்து நாலாம் பக்கத்துல போட்டாப்பல முதுகக் காட்டி, பணிவாக் குனிஞ்சு நில்லுங்க. நான் சேர் போட்டு உக்காந்து பாக்கறன். உக்கார முடியாது, நின்னுட்டே பாக்கறன். வாங்க சார், வாங்க” என்று கத்தினேன். தெரு முழுக்கக் கேட்டிருக்கும். எனக்குக் குரல் கொஞ்சம் பெரிசு. கோயில் திருவிழாவில் மைக் கெட்டுப்போனால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

“நாகரிகமாகப் பேசு. யாரடா நீ?” என்றார்.

அந்த நேரம் ஓமலூர் பஸ் கடையைத் தாண்டியது. “ஓமலூர் ஒண்டிமுத்து” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

செல்லைத் திருப்பி வாங்கிய டிரைவர், “ஏனுங்ணா, கடன் வசூலுங்களா?” என்றார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

இரண்டாவது ஊசி. கையில் மட்டும். சிஸ்டர் இன்றைக்கும், “நெஜமா நீங்க நிக்கலீங்களா?” என்றார். இவர் போலீஸ் வேலைக்குப் போயிருக்க வேண்டியவர்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஒரு புத்தகம் பொய் என்றால் மற்றதெல்லாம் என்ன என்று இன்று அலமாரியைத் திறந்து உட்கார்ந்தேன். அதாவது, நின்றேன்.

ஒரு புத்தகம் எழுந்தவுடன் வயிறு நிறையத் தண்ணீர் குடி என்கிறது. அதற்குப் பக்கத்தில் இருப்பது வெறும் வயிற்றில் தண்ணீரா, ஆகாது என்கிறது. இரண்டையும் நான்தான் வாங்கியிருக்கிறேன். இரண்டையும் நம்பியிருக்கிறேன். ஒற்றைப்படைத் தேதியில் குடித்தும் இரட்டைப்படைத் தேதியில் குடிக்காமலும் ஆறு வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

இன்னொன்றில், கண்ணை மூடி ஒற்றைக் காலில் அறுபது எண்ணும் வரை நிற்பவர் நூறு வயது வாழ்வார் என்று இருந்தது. சோதித்துப் பார்த்தேன். நாலு எண்ணுவதற்குள் கதவைப் பிடித்தேன். என் வீட்டுக்காரி கோகிலாவை நிற்கச் சொன்னேன். அவள் ரசத்துக்கு மல்லித்தழை கிள்ளிக்கொண்டே அறுபதைத் தாண்டி நின்றாள். ஆக, புத்தகம் சரியென்றால், நான் போன பிறகு அவள் ரொம்ப காலம் நிம்மதியாக இருப்பாள்.

“இத்தன வருஷமா இதையெல்லாம் நம்பினனே” என்றேன்.

“நீங்க மட்டுமா? நானும் பொஸ்தகம் பாத்துத்தான் அந்த அல்வாவக் கிண்டினேன். இன்னும் கொல்லக் கதவுக்கு முட்டுக் குடுத்திருக்கோமே, அது.”

“அப்ப யாரைத்தான் நம்பறது?”

“எழுதினவன் மொதல்ல தின்னானான்னு பாக்கோணும்” என்று சொல்லிவிட்டுக் காலைக் கீழே வைத்தாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தாரணி காலையில் தோசைக்கு நடுவில் விஷயத்தைச் சொன்னாள். ஈரோட்டில் அவள் வேலை பார்க்கும் கடைக்கு மேல் மாடியில் கம்ப்யூட்டர் கம்பெனி. அங்கே முகிலன் என்று ஒரு பையன். இரண்டு வருஷப் பழக்கம். அடுத்த ஞாயிறு அவன் வீட்டார் பெண் கேட்டு வருகிறார்கள்.

கோகிலா கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் சரியான பதில் வந்தது. இரண்டு வருஷம் உட்கார்ந்து தயார் செய்த பதில்கள். நான் என் பங்குக்கு, “பையனுக்கு அப்பா என்ன பண்றாரு சாமி?” என்றேன்.

“நாச்சிமுத்துன்னு பேருப்பா. கூட்டுறவுப் பண்டகசாலைல மேனேஜரா இருந்து ரிட்டயர்டு. நல்ல மனுஷன். மரியாதை மட்டும் கொஞ்சம் எதிர்பாப்பாரு. அவங்க அக்கா பொண்ணு கல்யாணத்துல ‘வாங்க’ன்னு யாரோ சரியாச் சொல்லலைன்னு தாலி கட்டறதுக்கு முன்னாடியே எந்திரிச்சுப் போயிட்டாராம்.”

“அது ஞாயந்தான?” என்றேன். எங்கள் பக்கத்தில் விருந்தில் உப்புக் குறைந்தால் மன்னிப்பார்கள். வாசலில் நின்று, ஆளைப் பார்த்து, வாயைத் திறந்து ‘வாங்க’ என்று சொல்லாவிட்டால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. என் பெரியப்பா வீட்டில் இன்னும் என்னிடம் பேசுவதில்லை. அன்றைக்கு நான் வாயில் வெற்றிலை போட்டிருந்தேன்.

“அப்பறம் ஒரு சந்தோஷமான சமாச்சாரம்ப்பா. அவரு புஸ்தகமெல்லாம் எழுதுவாரு. நீ நெறையப் படிப்பேன்னு சொன்னேன். உனக்குன்னு குடுத்தனுப்பினாரு” என்று பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

‘நாய்மனம் அறிவோம்.’ பின்னட்டையில் அதே நம்பர். நாச்சிமுத்துவின் புனைபெயர்தான் தெளிவரசு.

தோசை தொண்டையில் நின்றுவிட்டது. கோகிலா முதுகில் தட்டினாள். தட்டு கொஞ்சம் கீழே பட்டு நான் கத்தினேன்.

“அப்பா, உனக்குப் பிடிக்கலியா?” என்று தாரணி கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்தேன். சின்ன வயதில் ராட்டினத்தில் ஏற்றிவிட்டால் கீழே இருக்கிற என்னை ஒவ்வொரு சுற்றுக்கும் தேடுவாளே, அந்த முகம்.

“ரொம்பப் பிடிச்சிருக்குது சாமி” என்றேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

மூன்றாவது ஊசி.

யோசனை செய்ததில் வழி ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை என் குரல் அவர் காதில் விழக் கூடாது. தொண்டை கட்டிவிட்டது என்று கோகிலாவை விட்டுச் சொல்லச் சொல்லலாம் என்று மெல்ல ஆரம்பித்தேன்.

“வாயத் தொறக்காதீங்க” என்றாள். “நாய் கடிச்சதுன்னும் சொல்லக் கூடாது, தொண்ட சரியில்லைன்னும் சொல்லக் கூடாது. நாய் கடிச்ச மனுஷனுக்குத் தொண்ட கட்டியிருக்குதுன்னா அவங்க என்ன நெனப்பாங்க? காப்பி குடிக்கறதுக்கு முன்னாடி காரெடுத்துருவாங்க.”

அவள் சொல்வதும் சரி. ஆக, நான் உட்காராததற்கும் காரணம் சொல்ல முடியாது, பேசாததற்கும் காரணம் சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 28, வியாழன்

வேறு குரலில் பேசிப் பழகலாம் என்று குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு முயற்சி செய்தேன். மூக்கால் “வாங்க” என்றேன். அடித்தொண்டையில் “வாங்க” என்றேன். அது “வ்ர்ராங்க” என்று வந்தது. நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தால் கோகிலா ஒரு கையில் சொம்பும் இன்னொரு கையில் வெறிநாய்க்கடி அறிகுறிகளைத் தேடி எடுத்த தாரணியின் செல்லுமாக நிற்கிறாள். முகம் வெளுத்திருந்தது.

“ஏனுங்க, இந்தத் தண்ணியக் கொஞ்சம் பாருங்க. பயமா இருக்குதா?”

“எதுக்கு?”

“குடிங்க, என் முன்னாடி குடிங்க.”

முழுச் சொம்பையும் குடித்துக் காட்டினேன். அதற்கப்புறம்தான் அவளுக்கு மூச்சு வந்தது. இருந்தாலும் ராத்திரிச் சாப்பாட்டைத் தட்டில் வைத்துத் தள்ளிவிட்டாள். வக்கீலுக்கும் அப்படித்தான் தள்ளுவாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நிதானமாக எழுத வேண்டும்.

பத்து மணிக்கு வந்தார்கள். தெருமுனையில் லாரி நின்றதால் காரை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்தார்கள். முகிலன், அவன் அம்மா ருக்குமணி, அவன் தாய்மாமா சென்னியப்பன், எல்லோருக்கும் முன்னால் வெள்ளை வேட்டி சட்டையில் தெளிவரசு. நான் வாசலில் நின்று இரண்டு கையையும் கூப்பினேன். நன்றாகக் கூப்பினேன். தலையை ஆட்டினேன். சிரித்தேன். அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டு படியிலேயே நின்றார். நான் இன்னும் கொஞ்சம் சிரித்தேன்.

“வாங்க, வாங்க, எல்லாரும் வாங்க” என்று கோகிலா உள்ளேயிருந்து ஓடி வந்து என் பங்கையும் சேர்த்துச் சொன்னாள். வீட்டுக்காரன் குறையை வீட்டுக்காரி நிரப்ப முடியாது. அவர் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே தெரிந்தது.

உள்ளே எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் தூணோடு நின்றேன்.

“நீங்களும் உக்காருங்க” என்றார் ருக்குமணி அம்மாள். நான் கையை ஆட்டி மறுத்தேன்.

“எங்களோட உக்கார மாட்டாருங்களா?” என்று சென்னியப்பன் கூரையைப் பார்த்துக் கேட்டார். தாரணி சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து கண்ணாலேயே கெஞ்சினாள். அப்பா, ஒரு வார்த்தை.

தெளிவரசு கனைத்துக்கொண்டார். “பரவாயில்லைங்க. நான் புத்தகம் குடுத்தனுப்பினேனே, படிச்சீங்களா?”

தலையாட்டினேன்.

“எப்படி?”

இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டினேன்.

அவருக்குக் கொஞ்சம் முகம் மலர்ந்தது. “நல்லத நல்லதுன்னு சொல்ல ஆளில்ல பாருங்க. பத்து நாளைக்கு முன்னாடி ஒரு காட்டான் போன் பண்றான். ஓமலூராம். வாடா போடாங்காத குறை. எங்க தெருவுக்கு வா, வந்து குனிஞ்சு நில்லுங்கறான். என்ன ஒரு குரல்ங்கறீங்க. தகர டப்பாவுல கல்லப் போட்டு உருட்டினாப்பல. அந்தக் குரல எந்த ஜென்மத்துல கேட்டாலும் கண்டுபிடிச்சுருவேன்.”

நான் தண்ணீர் குடித்தேன். கோகிலா நான் தண்ணீர் குடிப்பதைத் திருப்தியோடு பார்த்தாள்.

பத்து நிமிஷம் ஆகியிருக்கும். சென்னியப்பன் எங்கள் காலண்டரை வாய்விட்டுப் படித்தார். திடீரென்று தெளிவரசு எழுந்தார்.

“கிளம்பலாம் ருக்கு. ‘வாங்க’ன்னு சொல்லல. உக்காரல. ஒரு வார்த்தை பேசல. பொண்ணக் குடுக்க இஷ்டமில்லைன்னு இதைவிடத் தெளிவா எப்படிச் சொல்றது?”

“அப்பா, கொஞ்சம் இருங்கப்பா” என்றான் முகிலன்.

“நீ வாடா.”

செருப்பு மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார்கள். கோகிலா என் கையில் கிள்ளினாள். தாரணி காப்பித் தட்டோடு நடுக்கூடத்தில் நின்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அப்போதுதான் லாரிக்கு அடியிலிருந்து வக்கீல் எழுந்து வந்தது.

நேராகத் தெளிவரசுக்கு முன்னால் நின்று பல்லைக் காட்டியது. எனக்கு ஒரு நிமிஷம் மற்றதெல்லாம் மறந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், ஆசையாக இருந்தது. எழுதினவர் இதோ நிற்கிறார். நாய் இதோ நிற்கிறது. ஒருவேளை நான்தான் சரியாகக் குனியவில்லையோ, பணிவு பத்தவில்லையோ, எப்படி நிற்க வேண்டும் என்று இவர் காட்டிவிடுவாரோ என்று கண்ணைக் கொட்டாமல் பார்த்தேன்.

அவர் முதுகைக் காட்டினார். ஆனால் அது நிற்கிற முதுகு இல்லை, போகிற முதுகு.

வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். ஒரு செருப்பு எங்கேயோ பறந்தது. லாரியை ஒரு சுற்றுச் சுற்றினார். வக்கீல் பின்னாலேயே சுற்றியது. எதிர்வீட்டுக் கேட் பூட்டியிருந்தது. அடுத்த வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். இரண்டாம் சுற்றில் அவர் மூச்சு இரைக்க எங்கள் வாசல் பக்கம் திரும்பியபோது, வக்கீலுக்கும் அவர் சீட்டுக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்தது.

“வாங்க. சம்பந்தி, வாங்க. உள்ள வாங்க” என்று கத்தினேன். தகர டப்பா, கல், எல்லாம் சேர்த்துத்தான். தெருவே திரும்பியது. வக்கீல்கூட ஒரு நொடி நின்று என்னைப் பார்த்தது. அந்த ஒரு நொடியில் அவர் உள்ளே வந்து விழுந்தார். நான் கேட்டைச் சாத்தினேன்.

“மூணு தரம் வாங்கன்னுட்டாரு” என்று ருக்குமணி அம்மாள் தெருவிலிருந்து சென்னியப்பனிடம் சொன்னது கேட்டது. வக்கீல் வழக்கை முடித்துக்கொண்டு போன பிறகு அவர்களும் வந்தார்கள். ஒவ்வொருவரையும் ஆளைப் பார்த்து, வாயைத் திறந்து ‘வாங்க’ என்றேன். இனி ஒளிக்க என்ன இருக்கிறது?

தெளிவரசு நாற்காலியில் உட்கார்ந்து சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு என்னையே பார்த்தார். வாயைத் திறந்தார். அதற்குள் சென்னியப்பன் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

“ஏனுங் மச்சான், முதுகக் காட்டி நில்லு, மரமாட்ட நில்லுன்னு ஊருக்கெல்லாம் எழுதினீங்க. மரம் என்னங் மச்சான், லாரிய ரெண்டு சுத்துச் சுத்துது?”

“நான் ஓடல. இடம் மாறினேன்.”

“செருப்பு இன்னும் அங்கயேதான் இருக்குது. அது இடம் மாறல. அவ்வளவும் பொய்யுங்களா? நாப்பத்தியொரு பொஸ்தகமும் இப்படித்தானா?”

முகிலன் தலையைக் குனிந்துகொண்டான். ருக்குமணி அம்மாள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அவருக்கும் சிரிப்பு. தெளிவரசு மட்டும் சொம்புக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். வயசான மனுஷன், வெறுங்காலோடு, மகனுக்கு முன்னால். இப்படியே எழுந்து போனால் இந்த வீட்டு வாசலை அவர் ஆயுசுக்கும் மிதிக்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அறுபத்து நாலாம் பக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல இந்தத் தெருவில் என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. நாக்கு நுனியில் இருந்தது.

தாரணி இன்னும் அந்தக் காப்பித் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அவரு எழுதினது சரிதானுங்க” என்றேன். “எனக்கு இப்ப அந்த நாய் கடிச்சு ஊசி போட்டுட்டு இருக்கறன். உக்கார முடியாத எடத்துல கடிச்சிருக்குது, அதான் உக்காரல, மன்னிச்சுக்கோணும். ஏன் கடிச்சுது? நான் ஓடினேன். புஸ்தகத்துல போட்டாப்பல நின்னிருந்தா மோந்து பாத்துட்டுப் போயிருக்கும். இவரு எழுதினத அன்னைக்கே படிச்சிருந்தா எனக்கு இந்தக் கதி வந்திருக்காது.”

கோகிலா கண்ணை மூடிக்கொண்டாள். சென்னியப்பன் சிரிப்பை நிறுத்திவிட்டு, “அப்படீங்களா” என்றார்.

தெளிவரசு சொம்பிலிருந்து தலையைத் தூக்கினார். “ஓடினீங்களா?”

“ஓடினனுங்க.”

“எங்க கடிச்சுதுன்னீங்க?”

சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் எதையோ கணக்குப் போட்டார். பிறகு, “உங்க குரல்...” என்று ஆரம்பித்தார். நான் வாசலைப் பார்த்தேன். “கம்பீரமா இருக்குதுங்க. இவ்வளவு நேரம் பேசாம இருந்துட்டீங்களே” என்று முடித்தார். “காப்பி ஆறுது, குடு அம்மிணி.”

ஐந்து பேரும் குடித்தோம். நான் நின்றுகொண்டு குடித்தேன். நிச்சயத்துக்கு நாள் குறித்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். கேட் வரைக்கும் நான் முன்னால் போய் வக்கீலுக்கு பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 1, திங்கள்

ஊசி போட்டாயிற்று. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தேன். உட்கார முடிகிறது. பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். அவருக்கு அதன் அருமை தெரியவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

நிச்சயம் முடிந்தது. மண்டப வாசலில் நானூறு பேருக்குத் தனித்தனியாக வாங்க சொன்னேன். பெரியப்பா வீட்டாருக்கு மட்டும் இரண்டு தடவை. பெரியம்மா லேசாகத் தலையசைத்தார்.

சாப்பாட்டுக்கு அப்புறம் சம்பந்தி என்னை ஓரமாக அழைத்துப்போனார்.

“நாய்மனம் ரெண்டாம் பதிப்பு வருதுங்க. உங்க அனுபவத்தச் சேத்துக்கலாமுங்களா? நேரடி சாட்சி கிடைக்கறது அபூர்வம்.”

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். தாரணியும் முகிலனும் பந்தியில் ஒரே இலையில் ஜாங்கிரிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“சேத்துக்கங்க. பேரு மட்டும் வேண்டாமுங்க” என்றேன்.

“பேரு எதுக்குங்க? போட்டாலும் எந்தப் பேரப் போடறது?” என்று சொல்லிவிட்டு வெற்றிலை மடிக்கப் போய்விட்டார். என்ன அர்த்தம் என்று இதுவரைக்கும் யோசிக்கிறேன். யோசிக்காமலிருக்கவும் பார்க்கிறேன்.

நவம்பர் 24, திங்கள்

நேற்று கல்யாணம். டைரியைக் கடைசியாக எப்போது தொட்டேன் என்றே தெரியவில்லை. இருமுகிற குழந்தை மட்டும் பக்கத்துக்குப் பக்கம் இருமிக்கொண்டிருந்திருக்கிறது.

மண்டபத்தில் ஒரு புதுமை. தாம்பூலப் பையில் தேங்காய், வெற்றிலை பாக்கு, கூடவே ‘நாய்மனம் அறிவோம்’ இரண்டாம் பதிப்பு. சம்பந்தியின் அன்பளிப்பு. ஆளுக்கொரு பை. வாசலில் நின்று கொடுத்தது நானும் கோகிலாவும்.

கூட்டம் குறைந்த நேரத்தில் ஒரு பையைப் பிரித்து அறுபத்து நாலாம் பக்கத்தைப் பார்த்தேன். கட்டம் அப்படியே இருந்தது. கீழே பொடி எழுத்தில் புதிதாக ஒரு குறிப்பு: “கழுத்தில் வெள்ளைப் பட்டையுள்ள கருப்பு நாய்களுக்கு இது பொருந்தாது.” எதிர்ப்பக்கத்தில்: “திருச்செங்கோட்டைச் சேர்ந்த நண்பர் ஒருவர், நாயைக் கண்டதும் ஓடியதால் கடிபட்டார். நின்றிருந்தால் கடித்திருக்காது என்பதை அவரே பலர் முன்னிலையில் என்னிடம் உறுதிப்படுத்தினார்.”

ஆக, அறிவுப் புத்தகத்தில் பொய் எப்படி நுழைகிறது என்று இப்போது எனக்குத் தெரியும். ஒரு ஆள் காப்பி குடித்துக்கொண்டே சொல்லிவிடுகிறான்.

வேறு வழி தெரியாமல், பை கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும், “நாயக் கண்டா எங்காவது வீட்டுக்குள்ள போயிருங்க” என்று ரகசியமாகச் சொல்லிக் கொடுத்தேன். வெற்றிலை பாக்கோடு இப்படி ஒரு வாழ்த்து எதற்கு என்று பலர் முழித்தார்கள். ஊசி போட்ட சிஸ்டரும் வந்திருந்தார். அங்கேயே நின்று அந்தப் பக்கத்தைப் படித்தார். என்னைப் பார்த்தார். என் பங்கு லட்டையும் எடுத்துக்கொண்டு போனார். போலீஸ் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

சம்பந்தி எனக்கென்று தனியாக ஒரு பிரதியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். முதல் பக்கத்தில் அழகான எழுத்தில், “ஓமலூர் ஒண்டிமுத்து அவர்களுக்கு அன்புடன், தெளிவரசு.”

தலையைத் தூக்கிப் பார்த்தேன். அவர் வேறு யாருக்கோ சந்தனம் நீட்டிக்கொண்டிருந்தார். வக்கீல் மண்டப வாசலுக்கு வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஆள் போட்டிருந்ததும் அவர்தான் என்று பிறகு தெரிந்தது.

சாயங்காலம் தாரணி கிளம்பும் நேரம். கோகிலா அழுது முடித்துவிட்டு இரண்டாவது ரவுண்டுக்குத் தயாராக இருந்தாள். தாரணி குனிந்து என் காலைத் தொட்டாள். எழுந்து காதோடு காதாகக் கேட்டாள்.

“அப்பா, நெஜத்தச் சொல்லு. நீ அன்னைக்கு ஓடலதான?”

“ஓடினேன் சாமி” என்றேன். “வேணும்னா புஸ்தகத்துலயே போட்டிருக்குது, பாரு.”

அவள் சிரித்துக்கொண்டே காரில் ஏறினாள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி நீட்டி, தெரு திரும்பும் வரை என்னைத் தேடினாள். நான் கையைக்கூட ஆட்டாமல், அசையாமல் நின்றேன்.

நின்னேன் சாமி. அன்னைக்கும் இப்படியேதான் நின்னேன்.